கொலுப் பெட்டியில் ஒரு லண்டன் பஸ்: சின்ன வயதுக் குட்டிக் கார்களைத் தேடியெடுத்துக் காப்பாற்றும் வழி

போன நவராத்திரிக்கு முந்தின வாரம், அம்மா வீட்டுப் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கினேன். செட்டியாரையும் செட்டியாரம்மாவையும் எடுத்து வெளியே வைத்த பிறகு, பெட்டியின் மூலையில் மஞ்சளேறிய செய்தித்தாளில் ஏதோ சுற்றிக் கிடந்தது. பிரிக்காமலே தெரிந்துவிட்டது. உள்ளங்கை அளவுக்கும் சிறிய ஒரு பொருளுக்கு அந்தக் கனம் வேறெப்படி வரும்? உள்ளே என் சிவப்பு மாடி பஸ். 1970களின் கடைசியில் துபாயிலிருந்து லீவில் வந்த மாமா கொடுத்தது. ஒரு பக்கம் பெயின்ட் உதிர்ந்து வெள்ளை உலோகம் தெரிகிறது. முன் சக்கரம் லேசாகக் கோணியிருக்கிறது. ஆனாலும் தரையில் வைத்துத் தள்ளினால் கூடத்தின் எதிர்ச் சுவர்வரை ஓடுகிறது.

இதைப் பற்றிச் சொன்னபோதெல்லாம், "எங்கிட்டயும் ஒண்ணு இருந்தது, எங்க போச்சுன்னே தெரியலை" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வாங்குவது பற்றிக் கடைசியில் கொஞ்சம் வரும். முதல் வேலை, உங்கள் கையில் இருந்த அதே காரைத் தேடுவது.

பரணில் ஏறும் முன் எழுதி வையுங்கள்

ஒரு தாளை எடுத்து நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். என்ன நிறம், கதவு திறந்ததா, பானெட் திறந்ததா, உள்ளே சீட் இருந்ததா, கண்ணாடி வெள்ளையா நீலமா, பின்னால் கொக்கி உண்டா, சக்கரம் முழுக் கறுப்பா அல்லது நடுவில் வெள்ளி நிறமா. யார் கொடுத்தார்கள், நீங்கள் எத்தனாம் வகுப்பு படித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மாடலைக் கண்டுபிடிக்க இந்த இரண்டும் பெரிய துப்பு.

போனில் படம் தேடும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். நூறு கார்களின் படங்களைப் பார்த்துவிட்டால் உங்கள் கார் அவற்றோடு கலந்துவிடும். அப்புறம் எது உங்கள் நினைவு, எது நேற்றுப் பார்த்த படம் என்று பிரிக்க முடியாது. அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுச் சேக்காளி யாராவது இருந்தால் அவர்களிடமும் தனித்தனியே கேளுங்கள். பழைய ஆல்பத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். பிறந்தநாள் படத்தில் கேக்குக்குப் பக்கத்தில் அந்தக் கார் நிற்கலாம்.

கொலுப் பெட்டியில் தொடங்குங்கள்

இது அனுபவத்தில் சொல்வது. கொலு வைக்கும் வீடுகளில் படிக்குப் பக்கத்தில் பார்க் போடும் வேலை பிள்ளைகளுடையது. மண்ணைப் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக வைத்து, கோலமாவில் ரோடு போட்டு, அதில் நம் கார்களை ஓட்டுவோம். பத்தாம் நாள் எல்லாவற்றையும் துணியிலும் தாளிலும் சுற்றி உள்ளே வைக்கும்போது கார்களும் கூடவே போய்விடும். அடுத்த வருஷம் நாம் வளர்ந்திருப்போம், பார்க் போட ஆள் இருக்காது. அதனால் சின்னச் சின்னப் பொட்டலங்களைப் பிரிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

அதற்கு அடுத்து தையல் மெஷின் டிராயர், பல்லாங்குழிச் சோழியும் தாயக்கட்டையும் போட்டு வைத்த ஹார்லிக்ஸ் பாட்டில், அப்பாவின் ஸ்பானர் பெட்டி. வீட்டுத் தோட்ட மண்ணில் புதைந்து போனவைகூடக் கிடைக்கும். கிணற்றடியில் தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டியபோது ஒரு ஜீப் கிடைத்த வீடு எனக்குத் தெரியும். மண்ணுக்குள் பெயின்ட் போயிருக்கும், ஆக்சில் துருப்பிடித்திருக்கும், உடம்பு மட்டும் முழுதாக இருக்கும்.

திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்

இதுதான் கட்டுரையின் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். வண்டியின் பிறந்த ஊர், பெயர், கம்பெனி எல்லாம் அதன் வயிற்றில்தான் இருக்கின்றன. அழுக்கில் எழுத்து தெரியாவிட்டால் சுரண்ட வேண்டாம். போன் டார்ச்சைத் தரைக்கு இணையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்துகளின் நிழல் விழுந்து தெளிவாகும். அப்படியே ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வயதுக்காரர்களிடம் அதிகம் இருந்தது மேட்ச்பாக்ஸ். அதைச் செய்தது லண்டனில் இருந்த லெஸ்னி கம்பெனி. லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் 1947இல் தொடங்கி, இருவர் பெயரிலும் கொஞ்சம் எடுத்து லெஸ்னி என்று வைத்தார்கள். இருவருக்கும் ஸ்மித் என்று பெயரே தவிர உறவு கிடையாது. அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல் அச்சு செய்வதில் கைதேர்ந்தவர். அவருடைய மகளின் பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும் கொண்டுவரலாம் என்று ஒரு விதி. மகளுக்காக ரோடு ரோலர் ஒன்றைத் தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குப் பித்தளையில் செய்து கொடுத்தார். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். 1953இல் மேட்ச்பாக்ஸ் பிறந்தது. அட்டைப் பெட்டியையும் தீப்பெட்டி போலவே செய்தார்கள். சிவகாசித் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து வைத்திருந்த என் போன்ற பிள்ளைக்கு, காரே தீப்பெட்டியில் வரும் என்பது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

லெஸ்னியின் வரிசையில் 1 முதல் 75 வரை எண்கள் உண்டு. ஒரு மாடலை நிறுத்தினால் அதே எண்ணில் வேறொன்று வரும். அதனால் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பெயரையும் சேர்த்துப் பாருங்கள். காலத்தைச் சொல்வதற்குச் சக்கரம் நல்ல சாட்சி. ஆரம்ப வண்டிகளுக்கு உலோகச் சக்கரம். 1950களின் பிற்பகுதியில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் வந்தது, 1960களில் கறுப்புப் பிளாஸ்டிக். 1969இலிருந்து மெல்லிய ஆக்சிலும் வழுக்கி ஓடும் சக்கரமும் கொண்ட சூப்பர்ஃபாஸ்ட்.

அந்த மாற்றத்துக்குக் காரணம் அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி 1968இல் பதினாறு கார்களோடு கொண்டுவந்த ஹாட் வீல்ஸ். அதற்கு முன்பிருந்த குட்டிக் கார்கள் அழகாக இருந்தன, ஆனால் தள்ளிவிட்டால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். மேட்டல்காரர்கள் கம்பி போன்ற ஆக்சிலைப் போட்டு, சரிவான ஆரஞ்சு நிறப் பாதையில் பறக்கவிட்டார்கள். ஈடுகொடுக்க லெஸ்னி தன் வண்டிகளுக்கெல்லாம் சக்கரத்தை மாற்ற வேண்டியதாயிற்று. கோணிய சக்கரத்தோடும் என் பஸ் கூடத்தைக் கடப்பதற்குக் காரணம் அந்தப் போட்டிதான் என்று நினைக்கும்போது, 1969இன் அந்த அவசரத்துக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

லெஸ்னி 1982இல் நொடித்துப்போய் ஹாங்காங்கின் யுனிவர்சல் கம்பெனி கைக்கு மாறியது. எனவே அடியில் லெஸ்னி என்றும் மேட் இன் இங்கிலாந்து என்றும் இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தைய காலத்து வண்டி. மக்காவ், சீனா, தாய்லாந்து என்று இருந்தால் பிந்தையது. பிறகு மேட்ச்பாக்ஸ் 1992இல் டைகோ கம்பெனி கைக்கும், 1997இல் டைகோவையே வாங்கிய மேட்டல் கைக்கும் போனது. பரம எதிரிகளாக இருந்த மேட்ச்பாக்ஸும் ஹாட் வீல்ஸும் இன்று ஒரே வீட்டில் இருக்கின்றன.

புதியவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் ஒன்று உண்டு. அடியில் பொறித்திருக்கும் வருஷம், அந்த மாடலின் வடிவம் உருவான வருஷம். உங்கள் வண்டி தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்தது பல வருஷம் கழித்தும் இருக்கலாம். என் பஸ்ஸின் பெயர் தி லண்டனர், எண் 17, வருஷம் 1972. மாமா வாங்கியது அதற்கு ஆறேழு வருஷம் கழித்து. ஹாட் வீல்ஸில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அடியில் 1969 என்று பார்த்துவிட்டு ஐம்பது வருஷப் பழசு என்று யாராவது விலை சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2008இலிருந்து ஹாட் வீல்ஸ் அடித்தட்டில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் அச்சாகியிருக்கும். எழுத்து வருஷம், எண் வாரம். ஏ என்றால் 2008, பி என்றால் 2009 என்று போகும்.

உள்ளங்கையை நிறைக்கும் அளவில் பெரிய வண்டியாக இருந்தால் டிங்கி அல்லது கார்கியாக இருக்கலாம். டிங்கி லிவர்பூல், 1930களிலிருந்து 1979வரை. கார்கி வேல்ஸின் ஸ்வான்சீ, 1956இல் தொடக்கம், கார் ஜன்னலுக்குக் கண்ணாடி வைத்ததைப் பெருமையாகச் சொல்லி விற்றவர்கள். பிரான்சின் மேஜரெட், ஜெர்மனியின் சிக்கு, 1970இல் தொடங்கிய ஜப்பானின் டொமிகா ஆகியவையும் வளைகுடா, சிங்கப்பூர்ப் பெட்டிகளில் வந்திருக்கின்றன.

மேட் இன் இந்தியா என்று இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். சின்ன வயதில் நாமெல்லாம் 'பாரின்' காரை மட்டும்தான் மதித்தோம். ஆனால் டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கிக் கல்கத்தாவில் நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வண்டிகள் செய்தார்கள். மில்டன், மேக்ஸ்வெல் என்ற பெயர்களிலும் அங்கிருந்து வந்தன. பிறகு லியோ பெயரோடு இந்தியாவில் தயாரான ஹாட் வீல்ஸ் வந்தது. பெயின்ட் கொஞ்சம் தடியாக, நிறச் சேர்க்கை விசித்திரமாக இருக்கும். அந்த நிறங்கள் வேறெந்த நாட்டிலும் கிடையாது என்பதாலேயே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடுகிறார்கள். திருவிழாக் கடையில் அடம்பிடித்து வாங்கிய அந்தக் கார் இதில் ஒன்றாக இருக்கலாம்.

உலோகம் நலமாக இருக்கிறதா?

இந்தக் கார்களின் கனத்துக்குக் காரணம் துத்தநாகக் கலவை. சமாக் என்பார்கள். தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் மக்னீசியமும் செம்பும். ஏறக்குறைய 385 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். அதை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தினால், கதவின் கைப்பிடிவரை நுணுக்கமாக விழும். டை-காஸ்ட் என்பது இந்த அச்சு வார்ப்புதான்.

அந்தக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் சேர்ந்துவிட்டாலும், பல வருஷம் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே சிதையத் தொடங்கும். உடம்பு உப்பும், மயிரிழைபோல விரிசல் ஓடும், கடைசியில் பிஸ்கட் மாதிரி உடையும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளில் இது அதிகம். இதற்கு மருந்து கிடையாது. குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் சிதைவு மெதுவாகும், அவ்வளவுதான். விரிசல் கண்ட வண்டியைக் கழுவவோ பிரிக்கவோ கூடாது, அப்படியே பஞ்சு வைத்துத் தனியாக எடுத்து வையுங்கள். வெளியே மட்டும் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது சாதாரண ஈரத்தின் வேலை, பயப்பட வேண்டாம். நகத்தால் தொட்டுப் பாருங்கள், அடியில் உலோகம் கெட்டியாக இருந்தால் வண்டி பிழைத்தது.

குளிப்பாட்டுவது

வெள்ளி, செவ்வாய்க்கு விளக்குத் தேய்க்கும் கை சும்மா இருக்காது. ஆனால் புளி, எலுமிச்சை, சாம்பல், விளக்குத் தேய்க்கும் பவுடர் எதுவும் இதன் பக்கத்தில் வரக் கூடாது. புளிப்பு பித்தளையைப் பளபளக்க வைக்கும், துத்தநாகத்தைத் தின்றுவிடும்.

முதலில் தூசியைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறகு பேப்பர் லேபிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். என் பஸ்ஸின் இரண்டு பக்கமும் பெர்ஜர் பெயின்ட்ஸ் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. அதை மறந்து மொத்தமாகத் தண்ணீரில் போட்டேன். இரண்டே நிமிஷத்தில் ஒரு மூலை எழும்பிவிட்டது. நாற்பது வருஷம் தாங்கிய லேபிள் அது. இன்றும் அந்த மூலையைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. லேபிள் உள்ள வண்டியை முக்கவே முக்காதீர்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, லேபிளைச் சுற்றி மட்டும் துடையுங்கள்.

லேபிள் இல்லாத வண்டியென்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, குழந்தைகளுக்கான மென்மையான டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். கிரில், கதவு இடுக்கு, அடித்தட்டு எழுத்து எல்லாம் இதிலேயே சுத்தமாகும். நல்ல தண்ணீரில் அலசி, துணியில் தட்டி உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்றி, மின்விசிறிக் காற்றில் ஒருநாள் முழுக்க வையுங்கள். வெயிலில் வேண்டாம். ஆக்சில் இரும்பு, ஈரம் நின்றால் துருப்பிடிக்கும்.

சக்கரம் சுற்றட்டும்

ஆக்சிலில் பெரும்பாலும் தலைமுடியும் பாய் நாரும் சுற்றியிருக்கும். குண்டூசியால் மெதுவாக எடுத்துவிட்டாலே பாதி வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும். வளைந்த ஆக்சிலுக்கு மூக்குக் குறடு. சக்கரத்தைப் பிடிக்காமல் ஆக்சிலைப் பிடித்து, ஒரே அழுத்தாக அழுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். கண்ணாடித் துண்டின் மேல் வண்டியை வைத்தால் எந்தச் சக்கரம் தூக்கி நிற்கிறது என்று தெரியும். தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஆக்சிலில் வைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும்.

பெயின்ட் அடிக்கலாமா?

உங்கள் சொந்தக் காருக்கு அடிக்காதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சிராய்ப்பு, மாடிப்படியில் நீங்கள் உருட்டிவிட்டபோது விழுந்தது. அந்தப் பள்ளம், தம்பியோடு மோத விட்டபோது விழுந்தது. கடையில் இருந்த நிலைக்கு அதைத் திருப்பினால் யாரோ ஒருவருடைய கார் போல ஆகிவிடும். விலைக்கு விற்க நினைப்பவருக்கும் இதே பதில்தான், பழைய பெயின்ட் உள்ள வண்டிக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் கைவேலையாகச் செய்து பார்க்கும் ஆசை நியாயமானது. அதற்குக் காயலான் கடையிலோ பழைய சாமான் விற்பவரிடமோ, பெயின்ட் முழுக்கப் போன, யாருக்கும் வேண்டாத வண்டி ஒன்றை வாங்குங்கள். அதில் பழகுங்கள்.

வண்டியின் உடம்பிலிருந்து இறங்கும் குட்டித் தூண்கள் அடித்தட்டின் ஓட்டை வழியே வந்து, நுனி நசுக்கப்பட்டு ரிவெட்டாக நிற்கும். அதன் நடுவில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் ஒரு புள்ளி வைத்து, 3 மி.மீ. டிரில்லால் அந்தத் தொப்பியை மட்டும் மெதுவாகச் சீவி எடுக்க வேண்டும். தூணுக்குள் இறங்கிவிடக் கூடாது. அடித்தட்டு கழன்றதும் சக்கரம், சீட், கண்ணாடி எல்லாம் உதிரும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சாமான்களைக் கிண்ணத்தில் போடுங்கள்.

பெயின்டை எடுக்க ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவர் போதும். மொட்டை மாடியில் காற்றோட்டமாக, ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, உலோக உடம்புக்கு மட்டும் தடவுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் உருகிவிடும். பெயின்ட் சுருங்கி எழும்பியதும் பழைய பிரஷ்ஷால் தள்ளிக் கழுவுங்கள். ரொம்பப் பழைய பொம்மைகளின் பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். ஆகவே உப்புத்தாளைக் காய்ந்தபடி போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், தண்ணீர் தொட்டே தேயுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

பிறகு சாம்பல் நிற பிரைமர், அது காய்ந்ததும் ஸ்பிரே பெயின்ட். ஒரே தடவையில் மூடிவிட நினைத்தால் கதவுக் கோடுகள் அடைந்துபோகும். பனிமாதிரி மூன்று நான்கு தடவை, நடுவில் காயவிட்டு அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு பால் ஊற்றினதுபோல வெளுத்துவிடும். மாசி, பங்குனிக் காலை நேரம் அருமையாக இருக்கும். ஒருநாள் முழுக்கக் காய்ந்த பிறகு ஹெட்லைட்டுக்குப் பல் குத்தும் குச்சி முனையில் வெள்ளி பெயின்டைத் தொட்டு வையுங்கள்.

மூடுவதற்குத் தூணில் 1.6 மி.மீ. ஓட்டை போட்டு, 2 மி.மீ. மரை வெட்டி, குட்டித் திருகு போடலாம். கடைசியாக, அடித்தட்டின் உட்பக்கத்தில் 'பெயின்ட் மாற்றியது' என்றும் வருஷத்தையும் எழுதிவிடுங்கள். நாளைக்கு அது யார் கைக்குப் போனாலும் ஏமாறக் கூடாது.

கிடைக்காததை வாங்குவது

சென்னைக்காரர்களின் நினைவில் இருக்கும் பழைய மூர் மார்க்கெட் 1985 தீயில் போய்விட்டது. பர்மா பஜாரில் மேட்ச்பாக்ஸ் வாங்கிய கதையை அண்ணன்மார்கள் இன்றும் சொல்கிறார்கள். இப்போது பழைய கார்கள் பெரும்பாலும் இணையத்தில்தான் கை மாறுகின்றன. லண்டனில் உறவினர் இருந்தால் சொல்லி வையுங்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தைகளிலும், தர்ம காரியத்துக்காகப் பழைய பொருள் விற்கும் கடைகளிலும் அடிபட்ட லெஸ்னி வண்டிகள் சல்லிசாகக் கிடைக்கும். தபாலில் வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் காரின் விலையைத் தாண்டிவிடலாம். ஊருக்கு வருபவர் பெட்டியில் வருவதே நல்லது, அந்தக் காலத்திலும் அப்படித்தானே வந்தது.

பணம் அனுப்பும் முன் ஆறு பக்கமும் படம் கேளுங்கள், முக்கியமாக அடிப்பக்கம். ரிவெட் சீவப்பட்டிருக்கிறதா, சக்கரங்கள் நான்கும் ஒரே மாதிரியா, பெயின்ட் கதவு இடுக்கிலும் அதே நிறமா என்று பார்க்க வேண்டும். அட்டைப் பெட்டியைப் புதிதாக அச்சடித்து விற்பவர்கள் உண்டு. நாற்பது வருஷ அட்டை என்றால் மடிப்பில் வெளுத்திருக்கும், உள்பக்கம் பழுப்பேறியிருக்கும்.

முதலில் எழுதி வைத்த தாள் இப்போதுதான் உதவும். அதில் இருப்பதை மட்டும் தேடுங்கள். ஹாட் வீல்ஸில் 1995இல் பன்னிரண்டு மாடல், ஒவ்வொன்றும் 10,000 மட்டும் என்று டிரெஷர் ஹன்ட் என்ற அரிய வண்டி வரிசையைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து கடைக் கடையாகக் கிளறுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அது தனி ஆட்டம், அதில் இறங்கினால் பர்சுக்கு முடிவே இல்லை. நீங்கள் தேடும் நீல நிற வேன் யாரும் சீந்தாத மாடலாக இருக்கலாம். இருக்கட்டும், உங்களுக்கு வேண்டியது அதுதான்.

வைக்கும் இடம், விளையாடும் கை

வெயில் விழும் ஜன்னல் பக்கம் வைத்தால் சிவப்பு முதலில் வெளுக்கும். புதிதாகச் செய்த மர அலமாரிக்குள் இறுக மூடி வைக்காதீர்கள், மரத்திலிருந்து வரும் அமில ஆவி துத்தநாகத்துக்கு ஆகாது. மென்மையான ரப்பர்போன்ற டயர் உள்ள வண்டிகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் நேரடியாக நிறுத்தினால், டயரிலிருந்து கசியும் எண்ணெய் பெட்டியை உருக்கிக் குழிபோட்டுவிடும். அடியில் ஒரு துண்டுத் தாள் போடுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு சேர்த்து வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சின்னக் குழந்தைகள் கையில் பழையதைக் கொடுக்காதீர்கள். ஈயப் பெயின்ட் பயம் ஒன்று, கழன்று வாய்க்குள் போகும் சக்கரம் இன்னொன்று. அவர்களுக்கு இன்றைய மேட்ச்பாக்ஸோ ஹாட் வீல்ஸோ புதிதாக வாங்கிக் கொடுங்கள்.

இந்த வருஷக் கொலுவில் அம்மா மறுபடி பார்க் போடச் சொன்னாள். கேழ்வரகு நான்காம் நாள் முளைத்துவிட்டது. அண்ணன் பேத்தி தன் புதுக் கார்களைக் கோலமாவு ரோட்டில் வரிசையாக நிறுத்தினாள். பஸ் ஸ்டாண்டில் மட்டும் காலியாக ஓரிடம் விட்டு, "தாத்தா, உங்க பஸ் இன்னும் வரலையா?" என்று கேட்டாள். ஷோகேஸைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.